வெயிலில் வைத்த சரம்

நாவிதன் இசக்கிப்பாண்டியின் சவரக்கத்தி செல்லப்பாண்டியின் உச்சியிலிருந்து நெற்றிவரை ஒரு தடவை இறங்கியிருந்தது. அப்போதுதான் செல்லப்பாண்டியின் மகன் மணிகண்டராஜ் கையில் போனோடு கிணற்றடிக்கு ஓடிவந்தான்.

"அய்யா, சித்தப்பா விருதுநகர் தாண்டிட்டாகளாம். காலையிலயே ஜெயில்ல விட்டுட்டாக. கம்பெனி ஆளுக வேன்ல கூட்டிக்கிட்டு வாராக."

"அப்பத்தா செத்ததைச் சொன்னியா?"

"டிரைவர்தான் பேசினாரு. பின்னால ஒரே சிரிப்பும் கும்மாளமுமா கேட்டுச்சு. எனக்குச் சொல்ல வாய் வரலைய்யா."

இசக்கிப்பாண்டி கத்தியை எடுத்துவிட்டான்.

"நீ வேலையப் பாரு இசக்கி," என்றார் செல்லப்பாண்டி.

இசக்கிப்பாண்டி கத்தியைத் துணியில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். "தப்பா நினைக்காதீக அண்ணாச்சி. உங்க அய்யாவுக்கு உங்க தலையத்தான் எங்கப்பா எடுத்தாரு. இன்னைக்கு எடுக்க வேண்டியது இளையவுக தலை."

அந்தக் குடும்பத்தில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். கொள்ளி வைப்பவனுக்கு மட்டுமே மொட்டை. அதையும் உடலை எடுக்கும் முன்பே வீட்டுக் கிணற்றடியில் முடித்துவிடுவார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு பட்டாசுக் கம்பெனிக் காவலாளி ஒருவர் கொலையானபோது, அங்கே போர்மேனாக இருந்த தம்பி பால்பாண்டியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஆயுள் தண்டனை. அன்றைக்கு ஆனைக்குட்டம் ஊர் முழுவதும் கூடியிருந்த கோயில் வாசலில் நின்று, "இனி அவன் எனக்குத் தம்பி இல்ல. என் வீட்டு நல்லது கெட்டதுல அவனுக்கு இடம் இல்ல" என்று சொன்னார் செல்லப்பாண்டி. சொன்ன சொல்லை அவர் மாற்றியதில்லை. ஊரில் அவருக்கு இருந்த மரியாதையே அதுதான்.

முந்தாநாள் ஹைகோர்ட் அவனை நிரபராதி என்று விடுவித்தது. அவனைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன சாட்சி அன்றைக்கு ஊரிலேயே இருக்கவில்லையாம். இன்று விடிகாலை அம்மா மாரித்தாய் கண்ணை மூடினாள். நண்பகலுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று செல்லப்பாண்டி அவசரப்படுத்தினார். எதற்கு அவசரம் என்று யாரும் கேட்கவில்லை.

செல்லப்பாண்டி நிமிர்ந்தபோது முற்றத்துக் கயிற்றுக்கட்டில் கண்ணில் பட்டது. அதன்மேல் ஐயாயிரம் வாலா பட்டாசுச் சரம் ஒன்று சிவப்பாக விரிந்து கிடந்தது. சாவு வீட்டு நெரிசலில் அதை எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மாரித்தாய் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு சரம் வாங்கிப் பரணில் வைப்பாள். அடுத்த தீபாவளிக்கு அதைத் தெருப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவாள். மருந்து நமத்துவிடக் கூடாதாம். எதற்கு என்று அவள் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. சின்ன மகனுக்காக அவரிடம் அவள் ஒரு வார்த்தை வாதாடவில்லை. தீர்ப்பு வந்த அன்று மருமகள் முருகேஸ்வரியைக் கூப்பிட்டு, "ஏட்டி, சரத்தை வெயில்ல வையி" என்றாளாம். அவ்வளவுதான்.

பன்னிரண்டு சரம். அவன் நிரபராதி என்று தெரியக் கோர்ட்டுக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. இவளுக்கு ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அது தன் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தார் செல்லப்பாண்டி. துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

ஹாரனை விடாமல் அடித்தபடி வேன் தெருவுக்குள் நுழைந்தது. நகக்கண்ணெல்லாம் வெள்ளி மருந்து ஒட்டிய கம்பெனிப் பெண்கள் லட்டுப் பெட்டியோடு குதித்தார்கள்.

"எங்கலே ஒருத்தரையும் காணோம்? மாப்பிள்ளை வந்தாச்சு!" என்று கத்தினாள் அவர்களில் ஒருத்தியான முத்துப்பேச்சி. "பன்னெண்டு வருசம் ஓசிச் சோறு தின்னும் சதை பிடிக்கல பாருங்க..." பந்தலைப் பார்த்ததும் அவள் குரல் அறுந்தது.

பால்பாண்டி கடைசியாக இறங்கினான். முடி நரைத்திருந்தது. பந்தலைப் பார்த்தான். உள்ளே கிடத்தியிருந்த உடலைப் பார்த்தான். கழுத்து மாலையை இரண்டு கையாலும் கழற்றிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தவன், படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணே, நான் உள்ள வரலாமா?"

சின்ன வயதில் கண்மாய்க்குக் குளிக்கப் போகக் கேட்பானே, அதே குரல். ஒரு முள்கூட இல்லை. ஏச்சு வரும், கேள்வி வரும் என்று காலையிலிருந்து நெஞ்சை இறுக்கி வைத்திருந்த செல்லப்பாண்டிக்கு அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. ஊர் அவர் வாயையே பார்த்தது.

அவர் திரும்பிக் கிணற்றடிக்கு நடந்தார். தான் உட்கார்ந்திருந்த மணைப் பலகையை எடுத்து, ஒட்டியிருந்த தன் முடியைத் தட்டி, கழுவிப் போட்டார்.

"இசக்கி, எங்க இளையவன் வந்துட்டான். தண்ணி எடு."

பெண்கள் அழ ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பாடை கிளம்பும்போது முருகேஸ்வரி சரத்தைப் பிள்ளையைப் போல அணைத்துத் தூக்கிவந்தாள். "ஏங்க, இதை என்ன செய்ய?"

"தெருவுல விரிங்க."

முத்துப்பேச்சி தயங்கினாள். "சாவுக்குப் போடுற துட்டி வெடியாவா அண்ணாச்சி, இல்ல..."

"எங்க ஆத்தா எதுக்கு வாங்குனாளோ அதுக்கு."

பிறந்ததிலிருந்து வெடிக்கு நடுவே வாழ்ந்த ஊர், அந்தச் சரம் தெருமுனைவரை ஓடி முடியும்வரை வாய் திறக்காமல் நின்றது. புகை அடங்கியதும் முத்துப்பேச்சி குனிந்து காகிதக் குப்பையைக் காலால் விலக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட நமக்கலை," என்றாள், கோயிலில் பேசுவதுபோல.

சுடுகாட்டில் பால்பாண்டி கொள்ளி வைத்தான். திரும்பிப் பார்க்காமல் போய்க் கண்மாயில் முங்கிவிட்டு, ஈர வேட்டியோடு கரையேறினான். துடைக்க அவனிடம் துணி இல்லை.

செல்லப்பாண்டி தலைத்துண்டை அவிழ்த்து அவனிடம் நீட்டினார். அவன் அவர் தலையைப் பார்த்தான், துண்டை வாங்கிக்கொண்டான்.

இருவரும் ஊரைப் பார்த்துக் கரைமேல் நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். செல்லப்பாண்டி குனியவில்லை. உச்சியிலிருந்து நெற்றிவரை கத்தி போன அந்த ஒற்றைப் பட்டையில் வெயில் விழுந்துகொண்டிருந்தது.