மூன்று என்று சொன்னவள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. ஆஸ்பத்திரி நடையில் அத்தனை நாற்காலிகளும் காலியாக இருக்க, ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் தொடக்கம்: 'இடுப்புக்கூட்டுக்குள் ஏழு வருடமாக எரிந்த அந்த...'

(அடித்துவிட்டேன். வலியை வர்ணித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

2

அவள் தையல்காரி. உட்கார்ந்தால் இடுப்புக்கூட்டின் அடியில் உயிர் போகும் என்பதால், ஏழு வருடமாக நின்றபடி துணி வெட்டுகிறாள், தைப்பதில்லை. அதற்கு முன்பெல்லாம் ஓய்வு நாளில் கணவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறி, அவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம்வரை போய் இறங்காமலே திரும்புவாள். வழியெல்லாம் பேச்சு. (எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள். எங்கும் போகவில்லை, அதுதான் சுகம்.) அந்த சீட்டை நினைத்தால் எனக்கே ஏக்கமாக இருக்கிறது.

3

இன்று நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி. போடுமுன் டாக்டர் கேட்டார். "பத்துக்கு எத்தனை வலி?"

கணவர் பக்கத்தில் இருந்தார்.

"மூணு இருக்கும் டாக்டர்."

உண்மையில் எட்டு. அவர் முகம் வாடக்கூடாதென்று குறைத்துச் சொல்லியே அவள் நாக்கு பழகியிருந்தது.

ஊசி போட்டதும் டாக்டர், மேலே மூன்று என்று குறித்த ஒரு தாளைக் கொடுத்தார். "படுக்காதீங்க, உட்காருங்க. மணிக்கொரு தடவை நம்பர் எழுதுங்க. பாதிக்கு மேல குறைஞ்சாதான் இந்த நரம்புதான் காரணம்னு அர்த்தம். இல்லேன்னா இந்த ஊசியை விட்டுடலாம்."

4

உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் போனது. வலி இரண்டுக்கு இறங்கியிருந்தது. அழுகை வந்தது, சந்தோஷத்தில். பிறகு தாளைப் பார்த்தாள். மூன்றுக்குக் கீழே இரண்டு என்று எழுதினால் ஊசி பலிக்கவில்லை என்றாகிவிடும்.

(சைபர் என்று எழுத வைக்கலாமா? காரியம் முடிந்துவிடும். ஆனால் பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்யா...)

(நர்ஸிடம் தனியாகச் சொல்லித் திருத்திக்கொள்ளட்டுமா? கணவருக்குத் தெரியவே தெரியாது. இந்த முடிவோடுதான் நிறுத்த நினைத்தேன்.)

5

கணவர் குறுக்கே பேசினார். நான் எழுதிக்கொடுத்ததல்ல.

"மூணை அடிச்சுட்டு எட்டுன்னு போடு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தூக்கத்துல நீ பல்லைக் கடிக்கிறது எனக்குக் கேக்காதா?"

"அப்புறம் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ மூணுன்னு சொல்றது எனக்கு வசதியா இருந்துச்சு."

ஏழு வருடத்துக்குப் பிறகு இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மரப்பு விட இன்னும் சில மணி நேரம் ஆகும். அவள் எட்டு என்று திருத்திவிட்டாள். அவருக்கு என்ன பதில் சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள், குறைத்து மட்டும் எழுதாதீர்கள்.