சிவப்பு மையில் அடித்த வரி

விசாலாக்ஷி டீச்சர் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். நாலாம் வகுப்புத் தமிழ் டிவிஷனில் மொத்தம் பதினாலு பிள்ளைகள். பதினாலும் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தன.

"சஜி, நீ என்ன எழுதியிருக்கே? 'பிரஷ்ஷை எடு. பேஸ்ட் போடு. தேய்.' எங்கே தேய்க்கணும்னு எழுதினியோ?"

"பல்லுலதான் டீச்சர். அது எல்லாருக்கும் தெரியுமே."

"நேக்குத் தெரியாதாக்கும். எழுதியிருக்கறதை மட்டும்தான் நான் செய்வேன். உன் மனசுல இருக்கறது நேக்கு எப்படித் தெரியும்?"

சஜி நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய், மறுபடி எழுத உட்கார்ந்தான். இந்த முறை 'வாயைத் திற' என்பதைக்கூட விடவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. பாடத்தைச் செயலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று புதுப் பாடமுறை வந்திருந்த நேரம். ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர், "பாட்டும் களியும்தான் இனி, படிப்பு கழிஞ்ஞு" என்று, படிப்பே முடிந்துபோன மாதிரி, உதட்டைப் பிதுக்கினார்கள். விசாலாக்ஷிக்கோ புதுத் தெம்பு. இருபது வருஷமாக 'பசு ஒரு வீட்டு விலங்கு' என்ற கட்டுரையைத் திருத்தித் திருத்தி, பசுவைக் கண்டாலே அவளுக்கு எரிச்சலாக வந்துகொண்டிருந்தது. மட்டாஞ்சேரியில் இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்ப்பதே வகுப்பில்தான். அதிலும் பசுவையே எழுதினால் எப்படி விளங்கும்?

எல்லாருக்கும் அவள் வித்தை பலித்தது, சுமாவைத் தவிர. மூன்றாவது பெஞ்சு சுமா கரும்பலகையில் இருப்பதை அச்சடித்த மாதிரி பார்த்து எழுதுவாள். சொந்தமாக ஒரு வரி எழுது என்றால் போச்சு. தேதியைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். படம் காட்டியாச்சு, பாதிக் கதை சொல்லி மீதியைக் கேட்டாச்சு, வகுப்பில் அட்டைப்பெட்டியில் தபால் பெட்டி வைத்து ஒருவருக்கொருவர் கடிதம் போட வைத்தாச்சு. ஊஹும். இன்னும் நாலு மாதத்தில் அவள் அஞ்சாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போய்விடுவாள். வாயில்லாப் பூச்சியாகவே அனுப்பிவிடுவோமோ என்று விசாலாக்ஷிக்கு மனசு அடித்துக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள்: "வீட்டிலே யாராவது செய்யற ஒரு வேலையைப் பக்கத்துல நின்னு பாருங்கோ. பார்த்ததை அப்படியே எழுதிண்டு வாங்கோ. படிச்சுட்டு இன்னொருத்தர் செய்யறாப்பல இருக்கணும்."

திங்கட்கிழமை சுமா இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். விசாலாக்ஷி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'கக்கூஸ் குழி சுத்தம் பண்ணுவது எப்படி' என்று தலைப்பு. சுமாவின் அப்பா ராக்கப்பன் ஊர்ச் சாக்கடைக் கானைகளைச் சுத்தம் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வீடுகளுக்கும் போவார். அப்படிப் போன இடத்துக்குச் சோறு கொண்டுபோன சுமா, முழுக்க நின்று பார்த்திருக்கிறாள். சட்டையைக் கழற்றி எங்கே மாட்டுவது, இடுப்பில் கயிற்றை எத்தனை சுற்று சுற்றுவது, அடுத்த முனையை யார் பிடிப்பது, வாளி எப்படித் திரும்ப வருவது என்று ஒன்று விடாமல் இருந்தது. நடுவில் ஒரு வரி: 'மூடியைத் திறந்ததும் அப்பா சாயா குடிக்கப் போவார். ரொம்ப நேரம் கழித்துத்தான் வருவார்.'

விசாலாக்ஷிக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பெண்ணுக்குள்ளா இவ்வளவும் இருந்தது! உடனே அதை நல்ல தாளில் எழுதவைத்து வராந்தாச் சுவரில் ஒட்டிவிட வேண்டும் என்று துடித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள். இரண்டு ஒற்றுப் பிழை. அப்புறம் அந்தச் சாயா வரி. வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பத்துப் பேர் படிக்கிற இடத்தில், மூடியைத் திறந்து போட்டுவிட்டு மனுஷன் சாயாக் கடையில் உட்கார்ந்திருந்தார் என்றால் அவருக்குத்தானே கெட்ட பெயர்? நல்ல மனசோடுதான், ஸ்கேல் வைத்து நேராக அடித்தாள்.

"அப்பா எப்பவும் அப்படித்தான் டீச்சர்" என்றாள் சுமா, மெல்ல.

"இருக்கட்டும். இது வேண்டாம். மத்ததெல்லாம் பிரமாதம்."

சுமா அந்த வரியை விட்டுவிட்டு அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். சுவரில் ஏறியது.

செவ்வாய்க்கிழமை சுமா வரவில்லை. புதனும் வரவில்லை. சஜி அதே காலனிக்காரன். அவனைக் கேட்டால், "அவளோட அப்பா பயங்கர தேஷ்யத்துல இருக்காரு டீச்சர். ஸ்கூலுக்கு வந்து அந்தப் பேப்பரைக் கிழிக்கப் போறாராம்" என்றான்.

கோபம் வரத்தானே செய்யும் என்று நினைத்தாள் விசாலாக்ஷி. ஆமாம், அந்த மனுஷனை ஒரு வார்த்தை கேட்டாளா? அவர் தொழிலை ஊர் பார்க்கச் சுவரில் ஒட்ட இவள் யார்? பிள்ளையைப் பள்ளியை விட்டே நிறுத்திவிட்டால்? இப்போதுதான் வாயைத் திறந்த குழந்தை.

வியாழன் மதியம் ராக்கப்பன் வந்தார். துவைத்த சட்டை, படிய வாரிய தலை. பின்னால் சுமா. படியிலேயே நின்றுகொண்டார். "உள்ளே வாங்கோ" என்று இரண்டு முறை சொன்ன பிறகே செருப்பைக் கழற்றினார்.

"டீச்சரே, அந்தப் பேப்பரை எடுத்திருங்க."

விசாலாக்ஷி ராத்திரியே பேச்சைத் தயார்பண்ணி வைத்திருந்தாள். "தப்பு என்னுடையதுதான். உங்களைக் கேட்டிருக்கணும். ஆனா எந்தத் தொழிலும் கேவலம் இல்லை பாருங்கோ..."

"கேவலம்னு யாரு சொன்னா?" என்றார் ராக்கப்பன். "அதிலே தப்பா எழுதியிருக்கு. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இவ படிச்சுக் காட்டினா. சாயா குடிக்கப் போறதைக் காணோமேன்னு கேட்டேன். டீச்சர் அடிச்சிட்டாங்கன்னு சொன்னா."

"அது வேலையிலே சேராதுன்னு..."

"அதுதான் டீச்சரே வேலை." அவர் குரல் உயரவில்லை. "மூடியைத் திறந்தா உள்ளே இருக்கிற கெட்ட காத்து போகணும். கண்ணுக்குத் தெரியாது. சில நேரம் நாத்தம்கூட இருக்காது. சும்மா நின்னா வீட்டுக்காரர் இறங்கு இறங்குன்னு விரட்டுவார். அதனாலதான் நாங்க சாயாக் கடைக்குப் போயிருவோம். ஒரு மணிக்கூர். எங்க ஆளுக எல்லாரும் அப்படித்தான். எழுதியிருக்கிறதை மட்டும்தான் செய்யணும்னு நீங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்களாம். இதைப் படிச்சிட்டு ஒருத்தன் அப்படியே செஞ்சான்னா, செத்திருவான்."

பஜார்ப் பக்கத்திலிருந்து வற்றல் மிளகாய் நெடி வந்து, யாரோ ஒரு பிள்ளை தும்மியது.

"என் தம்பி செல்லதுரை அப்படித்தான் போனான்" என்றார். "ஒரு லாட்ஜ்ல. ரூமுக்கு ஆளுங்க வந்து காத்திருக்காங்க, சீக்கிரம் சீக்கிரம்னு விரட்டினாங்க. இவனும் திறந்த உடனே இறங்கிட்டான்."

"சித்தப்பாவுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்க" என்றாள் சுமா.

அவர் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கும் சில நாள் அந்தச் சாயா கிடைக்கிறதில்லை, டீச்சரே."

விசாலாக்ஷிக்கு முகம் சூடேறிவிட்டது. பிரஷ்ஷால் முழங்கையைத் தேய்த்து ஊரைச் சிரிக்க வைத்த மகராசி, குழந்தை கண்ணால் பார்த்து எழுதிய ஒரே உண்மையான வரியை ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறாள். படிப்பு, பட்டம், இருபது வருஷ அனுபவம், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு! வராந்தாவுக்குப் போய் அந்தத் தாளைத் தானே உரித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சுமா, நான் அடிச்சது தப்பு. நீ பார்த்ததுதான் சரி" என்று பதினாலு பிள்ளைகளும் கேட்கச் சொன்னாள். "திரும்ப எழுதறியாம்மா?"

சுமா தாளையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். எழுதுவாளா, தேதியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாளா என்று விசாலாக்ஷி அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

சுமா எழுதினாள். ரொம்ப நேரம் எழுதினாள். நிறுத்தி, யோசித்து, கடைசியில் இன்னும் ஏதோ சேர்த்தாள். நோட்டைக் கொண்டுவந்து டீச்சரிடம் தராமல் அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் அதைத் தலைகீழாகப் பிடிக்காமல் சரியாகத்தான் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீச்சரே, என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

விசாலாக்ஷி படித்தாள்: "'மூடியைத் திறந்ததும் சாயா குடிக்கப் போக வேண்டும். ஒரு மணி நேரம் ஆகாமல் திரும்பி வரக் கூடாது. வீட்டுக்காரர் திட்டினாலும் வரக் கூடாது. காசு தரமாட்டேன் என்று சொன்னாலும் இறங்கக் கூடாது. என் அப்பாவும் இறங்கக் கூடாது.'"

ராக்கப்பன் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசி வரி எது என்று கேட்டார். விசாலாக்ஷி தொட்டுக் காட்டினாள். அவர் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"சரிம்மா" என்றார் மகளிடம். "இறங்கலை."