நூலகச் சுவரில் வில்மா

பதினோரு நாள் விடாமல் வேலை பார்த்த வில்மா, பன்னிரண்டாம் நாள் காலையில் முதியோர் இல்லத்துக்கு ஃபோன் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு காய்ச்சல் என்றாள். ஜீலாங்கில் இது யாரும் செய்யாத பாவமில்லை. குளிர்காலத்தில் பாதி ஊருக்கு இப்படிக் காய்ச்சல் வந்து போகும். ஆனால் காய்ச்சல்காரர்கள் வெளியே தலைகாட்டக் கூடாது. அதைத்தான் அவள் மறந்தாள்.

ரொட்டி வாங்கித் திரும்பியவள், மழைக்காக நூலகத்தின் முன் நின்ற கண்ணாடிக் கூண்டுக்குள் ஒதுங்கினாள். உள்ளே பாட்டு ஓடியது. ‘ஆடுங்கள்’ என்று எழுதியிருந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஆடிவிட்டாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு டாட்டி ஃபோனில் கத்தினாள். “அடியே, லைப்ரரி சுவத்துல ரெண்டு மாடி உயரத்துக்கு ஆடிட்டிருக்க!”

கூண்டு எடுக்கும் படம் சுவருக்குப் போகும். அங்கே இருபது பேரின் ஆட்டம் திரும்பத் திரும்ப ஓடும். புதிதாக ஒருவர் ஆடினால் இருப்பவர்களில் பழையவர் கழன்றுகொள்வார். எதிர்க் கடையில்தான் இல்லத்து மேற்பார்வையாளர் கிளெனிஸ் வெள்ளிக்கிழமைதோறும் வறுத்த மீன் வாங்குவாள். பொய்க் காய்ச்சலுக்கு இரண்டு முறை எழுதிக்கொடுத்து எச்சரித்தாயிற்று. மூன்றாவது என்றால் வேலை போய்விடும்.

மறுநாள் வெள்ளி, காய்ச்சலுக்குச் சொன்ன இரண்டாவது நாள். பாழாய்ப்போன விடுப்பு நாளிலும் வில்மா எட்டு மணிக்கே கூண்டு வாசலில் நின்று ஆள் பிடித்தாள். இந்த ஊர்க்காரர்களை ஆடவைப்பதற்குப் பதில் இன்னும் பதினோரு நாள் வேலை பார்த்துவிடலாம். எல்லோரும் சொன்னது ஒரே பதில்: “சும்மா பாத்துட்டுப் போறேன்.”

“ரெண்டு பீர் உள்ள போகட்டும், அப்புறம் கூப்பிடு தாயி,” என்றார் பஸ் டிரைவர் ஒருவர்.

“பத்து செகண்டுதானய்யா! இடுப்பு ஒண்ணும் கழண்டுடாது, போ!”

கெஞ்சியும் கேலிசெய்தும் மதியத்துக்குள் பத்தொன்பது பேரை உள்ளே தள்ளிவிட்டாள். கால் வீங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒருவர் வேண்டும். அடுத்து வந்தவளின் தோளைத் தொட்டாள். திரும்பியவள் கிளெனிஸ். வேலை உடுப்பு, கையில் மீன் பொட்டலம்.

“காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?”

 சுவரில் அந்நேரம் பார்த்து வில்மாவே வந்து, பல் தெரியச் சிரித்தபடி, கையிலிருந்த ரொட்டியைத் தூக்கிப் பிடித்துச் சுற்றினாள்.

கிளெனிஸ் அண்ணாந்து பார்த்தாள். “நேத்தே பாத்துட்டேன். நின்னு மூணு தடவை பாத்தேன். ஆறு வருஷமா எங்கிட்ட வேலை பாக்குற, உனக்குப் பல்லு இருக்குன்னே இப்பதான் தெரியுது.”

“கிளெனிஸ், நான் வந்து…”

“பேசாத. மூணு மணிக்கு நம்ம மேனேஜர் புஸ்தகம் திருப்பிக் குடுக்க இங்க வருவாரு. இதப் பிடி.”

பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டுக் கூண்டுக்குள் போனாள்.

சுவரில் கிளெனிஸ் வந்தாள். படுக்கையில் கிடக்கும் கிழவரைப் புரட்டிப் போடுவதுபோல இரண்டு கையையும் அசைத்தாள். அவளுக்குத் தெரிந்த அசைவு அதுதான். வில்மா ஒரு சுற்று முழுவதும் காத்திருந்தாள். இருபது பேரும் வந்து போனார்கள். ரொட்டிக்காரியைக் காணவில்லை.

வேலை தப்பியது. காலையிலிருந்து இதற்குத்தானே நாய்படாத பாடுபட்டாள்? ஆனாலும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்படிச் சிரித்து ஆடும் தன்னைப் பார்க்க இனி வேறு இடமில்லை.

கிளெனிஸ் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, ஒரு துண்டை அவளுக்கு நீட்டினாள். “நாளைக்கு ஆறு மணி ஷிஃப்ட்.”

“வர்றேன்,” என்றாள் வில்மா.