பாலிஷ்காரர் போட்ட பிரேக்

பாலிஷ்காரர் கார் ஓட்டினால், பக்கத்து சீட்டில் இருக்கும் மனைவி வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே வருவாள். அங்கே பிரேக் கிடையாது, வெறும் ரப்பர் மேட்தான். பதினோரு வருஷ அழுத்தலில் அந்த மேட்டில் அவள் பாதம் படும் இடம் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. எந்த மேஜை நாற்காலியும் தன் கை பட்டால் கண்ணாடியாக மின்னும் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிகிற மனுஷனைச் சொந்தப் பெண்டாட்டி நம்பவில்லை என்றால் வயிறு எரியாதா? நன்றாகவே எரிந்தது.

காரும் கிழடு. ஒரு மாதமாகப் பிரேக் பிடித்தாலே கிறீச்சென்று கத்தியது. அடுத்த தெருக்காரர்களுக்குக்கூட அவர் வீடு திரும்பும் நேரம் அத்துப்படி. மனைவியின் தம்பி மெக்கானிக். அவனிடம் வண்டியை விடச் சொன்னாள். அதற்குப் பதில் அவர் ஆயுசு முழுக்க நடந்தே போய்விடுவார். போன வருஷம் பஞ்சர் டயரைக் கழற்றத் தெரியாமல் அவனைக் கூப்பிட்டதை, அவன் சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் சொல்லிச் சிரித்திருந்தான்.

"நானே மாத்துறேன். அப்புறம் நீ காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்கிட்டு வரலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலிலேயே காரை ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரங்களைக் கழற்றினார். ஃபோனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அதில் வந்தவன் சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்தார். பழைய பிரேக் பேடு விரல் நகம் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. பேடை அழுத்துகிற பிஸ்டனை உள்ளே தள்ளத் தன் மரவேலைக் கிளாம்பையே போட்டு முறுக்கினார். சும்மா சொல்லக்கூடாது, அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார்.

அப்போதுதான் பேடு கவ்விப் பிடிக்கிற டிஸ்க் கண்ணில் பட்டது. இரும்புத் தட்டு முழுக்க வரி வரியாகக் கீறல். இருபது வருஷமாகக் கீறலைக் கண்டால் சும்மா இருக்காத கை அது. உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தார். தேய்த்த இடம் மங்கலாகத் தெரிந்ததும், கை தானாகவே மெழுகு டப்பாவைத் திறந்தது. துணியில் தொட்டு, வட்ட வட்டமாக மூன்று பூச்சு.

என்ன செய்கிறீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, ஃபினிஷிங் என்றார். இரண்டு டிஸ்க்கிலும் தன் மீசை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் புது பேடை மாட்டினார். வீடியோக்காரன் சொன்னபடி பெடலைப் பத்துத் தடவை மிதித்தார். கல்லு மாதிரி நின்றது.

தெரு அவர் வீட்டிலிருந்து சரிவாக இறங்கி, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வீட்டு இரும்புக் கேட்டில் போய் முடியும். சோதனைக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

"காலைத் தூக்கு" என்று கட்டளை போட்டார். அவளும் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாலிஷ்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்தார். கார் கொஞ்சம் யோசித்துவிட்டு, போய்க்கொண்டே இருந்தது. இரண்டு காலாலும் மிதித்தார். பெரிய வித்தியாசமில்லை. சம்மணத்திலிருந்து காலை எடுக்க நேரமில்லாமல், மனைவி எட்டிக் கைப்பிரேக்கை இழுத்தாள். பின் சக்கரத்தில் அவர் கைவண்ணம் படாததால் அது பிடித்தது. கார் உலுக்கிக்கொண்டு கேட்டை முட்டி நின்றது. உள்ளே ஹெட்மாஸ்டர் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார்.

"சத்தம் நின்னுடுச்சு" என்றாள் மனைவி. "வண்டிதான் நிக்கல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காலைத் தூக்கு என்று தானே சொல்லி, தானே அவளைக் கேட்டில் மோதக் கொண்டுபோனதை நினைத்தபடி இறங்கிவந்து, அவள் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். மானம் மரியாதை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு மச்சினனுக்கு அவரே போன் போட்டார்.

டிஸ்க்கில் எதையாவது தடவினீர்களா என்று அவன் கேட்டான். மெழுகு என்றார். சிரிக்கப்போகிறான் என்று ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"அக்கா உள்ள இருந்தாளா, மாமா?"

"இருந்தா."

"வண்டியத் தொடாதீங்க. வர்றேன்."

வந்தான். மெழுகு ஏறிய புது பேடைத் தூக்கிப் போட்டு வேறு மாட்டினான், டிஸ்க்கைக் கெமிக்கல் போட்டுக் கழுவினான். எல்லாம் முடிந்து, கையைத் துடைத்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான். அரைமணி நேரம் ஆகியும் ஓயவில்லை.

இந்தத் தடவை சாவியை மனைவி எடுத்துக்கொண்டாள். பாலிஷ்காரர் பக்கத்து சீட்டில் ஏறினார். அதே சரிவு, அதே கேட். அவள் மிதித்ததும் கார் சொன்ன இடத்தில் கப்சிப்பென்று நின்றது.

அவர் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால், அந்த மேட்டின் ஓட்டைக்குள் உயிரைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தது. எடுக்கப் போனார்.

"இருக்கட்டும், எடுக்காதீங்க" என்றாள் மனைவி. "பதினோரு வருஷமா நம்மள காப்பாத்தின பிரேக்கு அது."