சட்டி கழுவுகிற கட்சி

எங்கள் ரூமில் வெள்ளிக்கிழமை மட்டும் சட்டி கழுவ முறை கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் எதையாவது பிடித்துக்கொண்டு வாதம் நடக்கும். தோற்றவர் கழுவ வேண்டும். தீர்ப்புச் சொல்வது கீழக்கரை முகம்மது சித்தீக் பாய். துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமா மலையடியில் கல் உடைக்கிற கம்பெனியின் கேம்ப் அது. ஆறு நாளும் கிரஷர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. அதனாலோ என்னவோ, லீவு நாளில் எல்லோருக்கும் கத்திப் பேச வேண்டியிருந்தது.

இராக்கில் சண்டை தொடங்கியதிலிருந்து அமெரிக்க அதிபரை விட்டால் எங்களுக்கு வேறு பேச்சில்லை. நான் எதிர்க்கட்சி. ரூமே எதிர்க்கட்சிதான். அந்த ஆளுக்குப் பரிந்துபேச யாருமே இல்லாமல் வாதம் சப்பென்று இருந்தது. 2004 ஜனவரியில் திடீரென்று கார்மேகம் அண்ணன் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். முதுகுளத்தூர்க்காரர், ஐம்பதை நெருங்கியவர். அதுவரை வாதம் ஆரம்பித்ததும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர்.

"அந்தாளு சொன்னா சொன்னதுதான். சண்டை முடிஞ்சிருச்சுன்னு போன வருசமே சொல்லிட்டாருல்ல" என்றார்.

"முடிஞ்ச சண்டையிலதான் தெனமும் குண்டு வெடிக்குதாண்ணே?" என்றேன்.

ரூமே சிரித்தது. அண்ணன் சட்டி கழுவினார். அடுத்த வாரமும் அதே கதைதான். இல்லாத ஆயுதத்தைத் தேடுகிறேன் என்று ஒரு நாட்டையே இடித்ததை எடுத்துவிட்டேன். எனக்கு எப்போதும் வாய் நீளம், அதோடு ஜெயிக்கிற ருசியும் சேர்ந்துகொண்டது. எவ்வளவு மட்டம்தட்டினாலும் மனிதர் கோபப்படாமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவதுதான் எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது வாரம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் பேப்பர் இல்லாமல் வேலை செய்கிறவர்களுக்குப் பெர்மிட் கொடுக்கலாம் என்று அதிபர் பேசியதை டிவியில் பார்த்திருக்கிறார்.

"திருட்டுத்தனமா எல்லை தாண்டி வந்தவனுக்கே பேப்பர் தாரேங்கிறாரு. அவரு பட்டாளத்துக்கே வேலை பாத்தவன விட்ருவாரா? இங்க நம்மள வேலைக்கு எடுத்த கஃபீல் கையிலதான நம்ம விசா இருக்கு? அங்க இராக்குல கேம்புக்கெல்லாம் அவருதான கஃபீல்? ரெண்டு வருசம் ஒழுங்கா டூட்டி பாத்தா அமெரிக்காவுக்கு மாத்திவிட மாட்டாரா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதிபரு கஃபீலா! அண்ணே, அந்த ஊர்ல கஃபீலே கெடையாது. பெர்மிட்டுன்னு பேசுனது அங்கனக்குள்ளேயே இருக்கவனுக்கு. அதையும் அவரு கட்சிக்காரனே வேணாங்கிறான். எலெக்சன் வருதுல்ல, அதுக்குப் பேசுறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தீக் பாய் மட்டும் சிரிக்கவில்லை. "யாருப்பா அங்க ரெண்டு வருசம் டூட்டி பாக்கப்போறது?" என்று கேட்டார்.

அண்ணன் தட்டில் கிடந்த மீன்முள்ளை ஓரமாக ஒதுக்கினார். "நாந்தான் பாய்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய விசா அந்த மாதத்தோடு முடிகிறது. வயதாகிவிட்டது என்று கம்பெனி புதுப்பிக்கவில்லை. மகள் மீனாம்பாள் நர்சிங் இரண்டாம் வருஷம். இவர் ஊருக்குத் திரும்பினால் படிப்பு நின்றுபோகும். பர் துபாயில் ஒரு ஏஜெண்ட், இராக்கில் அமெரிக்கப் பட்டாளத்தின் கேம்பில் சமையல்கட்டு வேலை என்று ஆள் எடுத்திருக்கிறான். முதல் வெள்ளிக்கிழமை எங்களோடு வாதத்துக்கு உட்காருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டாயிற்று. வீட்டுக்குக் குவைத் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

மனிதர் வாதாட வரவில்லை. பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்று யாராவது சொல்வார்களா என்று பார்க்க வந்திருக்கிறார். நான் ஒவ்வொரு வாரமும் குண்டுக் கணக்கைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அந்த வாரம் முழுக்கப் போகாதீர்கள் என்று கெஞ்சினேன். ஃபோர்மேனிடம் போய் அவர் விசாவுக்காகப் பேசினேன். "மாஃபி", கிடையாது என்றான், தலையைக்கூடத் தூக்காமல். இரண்டாம் முறை போனபோது "கலாஸ்", பேச்சு முடிந்தது என்று கதவைக் காட்டினான். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பும் மனசும் அலுத்துப்போயிருந்தன.

கடைசி வெள்ளிக்கிழமை பாய் கறி வாங்கிவந்து சமைத்தார். யாரும் ரசித்துச் சாப்பிடவில்லை. சாப்பாடு முடிந்ததும் ஆளாளுக்குத் தட்டை ஒதுக்கி வைத்தோம். மறுநாள் காலை அண்ணனுக்கு வேன் வருகிறது.

"என்னப்பா, இன்னைக்கு ஆரம்பிக்கலையா?" என்றார் அவரே. "அங்க சண்டை முடிஞ்சிருச்சுங்கிறேன் நான்."

"ஆமாண்ணே" என்றேன். "முடிஞ்சிருச்சு. நீங்க சொல்றதுதான் சரி. நான் தோத்துட்டேன்."

எழுந்து சட்டியைத் தூக்கினேன். அவர் அதன் இன்னொரு விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ வையி. நீ சரிங்கிறப்பதாண்டா பாலகுரு எனக்குப் பயமா இருக்கு. எழவு வீட்டுல பேசுற மாதிரி பேசுற. எப்பயும் போல சண்டை போடு."

போட்டேன். கிடைக்காத ஆயுதம், வெடித்த குண்டு, எலெக்சன், கஃபீல் என்று பழையதையெல்லாம் மறுபடி எடுத்தேன். பாதியில் இருமுவதுபோல் செய்துவிட்டுத் தொடர்ந்தேன். அவர் ஒன்றுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தாளைப் பற்றி உனக்கென்னடா தெரியும் என்று தொடையைத் தட்டிக்கொண்டு மல்லுக்கு நின்றார். அவர் முகத்தில் சிரிப்பைக் கூடப் பார்த்தேன்.

தீர்ப்புக்குப் பாயைப் பார்த்தோம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "கார்மேகம் தோத்துட்டாருப்பா" என்றார்.

அண்ணன் சட்டியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். அடிப்பிடித்ததைச் சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் நாங்கள் டூட்டிக்குக் கிளம்பும்போது வேன் வந்து நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் வாதம் ஆரம்பிக்கவில்லை. சட்டியை நான்தான் கழுவினேன்.