சதுரம் சதுரமாய் ஃபைஹா

சன்னிவேலில் ஒரு ஃபோன் கம்பெனியில் ஜைனுதீனுக்கு வீடியோ பார்ப்பதுதான் வேலை. வெளிவரப்போகும் ஃபோனில் ஹெச்டி வீடியோ எங்காவது திக்குகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அருவி, கால்பந்து, குதிரைப் பந்தயம் எல்லாம் போட்டுப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு ஓடின. குறை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அந்த ஃபோனோடு வீட்டுக்கு வந்தான்.

மனைவி ரஹ்மத் அதை வாங்கி, கீழக்கரையில் நடந்த தன் தங்கை ஃபைஹாவின் கல்யாண வீடியோவைப் போட்டாள்.

"என்னங்க, ஃபைஹா மூஞ்சி ஏன் சதுரம் சதுரமா இருக்கு?"

"வைஃபை ஸ்லோவா இருக்கும்."

"டவுன்லோட் பண்ணித்தான் பாக்குறேன். என் ஃபோன்ல நல்லாத்தானே தெரிஞ்சுது!"

எட்டிப் பார்த்தான். மணப்பெண் அசையாமல் இருந்தவரை படம் பளிச்சென்று இருந்தது. அவள் சிரித்துத் தலையைத் திருப்பியதும் துப்பட்டாவின் ஜிகினா மொத்தமும் மின்ன, அத்தனை மினுக்கையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாமல் ஃபோன் திணறி, முகத்தையும் பூவையும் கட்டம் கட்டமாக்கிவிட்டது. ஜைனுதீன் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான்.

மறுநாள் மேனேஜர் அகிலனிடம் காட்டினான். அவர் கோயம்புத்தூர்க்காரர்.

"ஏனுங்க, ஒரு துப்பட்டாவுக்காக ரிலீஸை நிறுத்தச் சொல்றீங்களா?"

"உங்க வீட்டுக் கல்யாண வீடியோவைப் போட்டுப் பாருங்க, அகிலன்."

அகிலன் அலட்சியமாகத்தான் போட்டார். மணப்பெண்ணான தன் தங்கையின் பட்டுப்புடவை ஜரிகை மின்னிய கணத்தில் பதறிப்போனார்.

"அட, மாப்பிள்ளை தலையக் காணோமுங்க!"

ரிலீஸ் நின்றது. சில வாரம் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டு கோளாறைச் சரிசெய்தார்கள்.

கடைசியில் குழு முழுதும் கூடி நின்று ஃபைஹாவைப் பார்த்தது. அவள் தலையைத் திருப்பினாள். ஜிகினா ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது, சிரிப்பு கலையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அப்போதுதான் அகிலன் திரையில் விரல் வைத்துப் பெரிதாக்கினார். மணப்பெண்ணுக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஜைனுதீன், இது நீங்கதானுங்களே?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று சாயங்காலம் ரஹ்மத்தும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அல்லாஹ்! கடவாய்ப்பல் அடைச்சதுகூடத் தெரியுதே!"

அவன் தடுப்பதற்குள் அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. முதல் பதில் ஃபைஹாவிடமிருந்தே வந்தது.

"மச்சான், என் கல்யாணம் அவ்வளவு போரா?"

"ஜெட்லாக்மா," என்று தட்டினான் ஜைனுதீன். ஒருவரும் நம்பவில்லை.