ரேடியோ சரியாகக் கேட்கவில்லை

விமானம் கிளம்புவதற்கு முன்னால் விமானிகளும் பணிப்பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து அன்றைய பயணத்தைப் பேசி முடிப்பார்கள். பிரீஃபிங் என்று பெயர். மற்ற கேப்டன்கள் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு காபிக்குப் போய்விடுவார்கள். இந்தக் கேப்டன் மட்டும் வகுப்பில் ஆஜர் எடுக்கிற மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" என்று கேட்பார். அதனாலேயே அவருக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "பிரம்பு ஒண்ணுதான் பாக்கி" என்பார்.

அன்று காலை எட்டு மணிக்கு, ஜன்னல் இல்லாத பிரீஃபிங் அறையில் அந்தக் கேள்வி வரிசையாக வந்து துணை விமானியிடம் நின்றது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை. குழந்தைக்குக் காதுவலி, விடிய விடிய அழுதிருந்தது. அவளும் கணவனும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஹாலை அளந்திருந்தார்கள். அவள் கண்ணை மூடியது மொத்தமாக ஒன்றரை மணி நேரம் இருக்கும், அதுவும் துண்டு துண்டாக.

"ஆறு மணி நேரம் சார்" என்றாள்.

உண்மையைச் சொல்லிப் பார்க்காதவள் இல்லை அவள். ஐந்து மணிக்கே, யாருக்கு எந்த விமானம் என்று அட்டவணை போடுகிற ரோஸ்டர் ஆபீசுக்குப் போன் போட்டு, இன்று முடியாது என்று சொல்லியிருந்தாள்.

"மேடம், ஸ்டாண்ட்பையில இருந்தவரை நேத்தே வேற ஃபிளைட்டுக்கு எடுத்துட்டோம். நீங்க வரலைன்னா ஃபிளைட்டையே கேன்சல் பண்ணணும். இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு நாள் லீவு போட்டிருக்கீங்க. முடிவு உங்க கையில மேடம்" என்றான் அங்கே இருந்தவன். முடிவு உங்கள் கையில் என்று சொல்லிக்கொண்டே கையைக் கட்டிவிடுகிற வித்தை அந்த ஆபீசுக்கு நன்றாக வரும்.

"போகாதே" என்றான் கணவன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவன்.

"போகலைன்னா?"

குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

பிரீஃபிங் முடிகிற நேரத்தில், பணிப்பெண்களுக்குத் தலைவியான பெரியக்கா குறும்பாகக் கேட்டாள். "எங்களை எல்லாம் கேட்டீங்க. நீங்க எத்தனை மணி நேரம் சார் தூங்கினீங்க?"

"ஹெட்மாஸ்டரையே கேள்வி கேக்கறதா?" என்றார் கேப்டன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில், அவர் பதில் சொல்லவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. உலகத்தின் அடுத்த பக்கத்திலிருந்து அவர் திரும்பி வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவர் உடம்புக்கு இன்னும் பகல் எது, இரவு எது என்று பிடிபடவில்லை.

அந்தப் பயணத்துக்கு இரண்டே விமானிகள். பறக்கிற நேரம் இன்னும் பத்து நிமிடம் கூடியிருந்தால் விதிப்படி மூன்றாவதாக ஒரு விமானி வந்தாக வேண்டும். அட்டவணை போடுகிறவர்கள் அந்தப் பத்து நிமிடத்தை எப்படியோ பிழிந்து எடுத்திருந்தார்கள்.

கிளம்பி மூன்று மணி நேரம் ஒரு குறையும் இல்லாமல் போனது. கீழே கடல், மேலே வெயில். ஆட்டோபைலட் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. செய்ய வேலை இருக்கும்போது வராத தூக்கம், பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும்போது பிடரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எரிபொருள் அளவைப் படித்துச் சொன்ன துணை விமானி, சொன்னதையே இன்னொரு முறை சொன்னாள்.

கேப்டன் திரும்பிப் பார்த்தார். "ஆறு மணி நேரம்னு சொன்னியே ம்மா, அது எந்த ஊர் கடிகாரம்?"

"சார்..."

"குழந்தையா?"

தலையாட்டினாள். கண் கலங்கிவிட்டது.

"சரி, சரி. நாப்பது நிமிஷம் தூங்கு. நான் இருக்கேன்."

அதற்கு விதியில் இடம் உண்டு. ஒரு விமானி இருக்கையிலேயே சாய்ந்து தூங்கலாம், மற்றவர் விழித்திருக்க வேண்டும். விழித்திருப்பவரும் அசந்துவிடாமல் இருக்க, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து பணிப்பெண் இன்டர்காமில் கூப்பிட வேண்டும். கேப்டன் பெரியக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். அப்போது மணி ஒன்று பத்து. துணை விமானி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினாள். சத்தம் அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர் ரேடியோ ஒலிபெருக்கியைக் குறைத்ததுதான் அவளுக்குக் கடைசியாகத் தெரிந்தது.

அவளை எழுப்பியது ரேடியோ இல்லை, கேப்டனும் இல்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கனத்தது. குழந்தை பசியாறுகிற நேரம். அந்த வலியில் விழித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பதினான்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறோமே, ஏன் எழுப்பவில்லை என்று பக்கத்தில் திரும்பினாள்.

கேப்டனின் மோவாய் நெஞ்சில் கிடந்தது. ஹெட்செட் கழுத்துக்குச் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பின்னால் இருநூற்றுச் சொச்சம் பேர். குறைத்து வைத்த ஒலிபெருக்கியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் அவர்களுடைய விமானத்தின் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் ரேடியோவைத்தான் எடுத்தாள். பத்தொன்பது முறை கூப்பிட்டோம், ஏதாவது ஆபத்தா என்று கேட்டது கட்டுப்பாட்டு அறை. யோசிக்க ஒரு நொடிகூட இல்லை.

"ஆபத்து ஒன்றும் இல்லை. ரேடியோ சரியாகக் கேட்கவில்லை" என்று பதில் சொல்லிவிட்டாள்.

சொல்லி முடித்துத் திரும்பியபோது கேப்டன் விழித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் கண் விழித்தவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"எவ்வளவு நேரம்?"

"தெரியலை சார். நீங்க கடைசியா எப்ப பேசினீங்க?"

ரேடியோவில் பேசிய நேரத்தைக் குறிக்கிற தாளைப் பார்த்தார். ஒன்று முப்பத்தெட்டு என்று அவர் கையெழுத்தில் குறித்திருந்தது. முப்பத்தாறு நிமிடம் அந்த விமானத்தை ஓட்ட விழித்திருந்தவர்கள் யாரும் இல்லை. பெரியக்கா கூப்பிடாததற்கும் காரணம் இருந்தது. கழிவறை வாசலில் ஒரு முதியவர் மயங்கி விழுந்திருந்தார். அவருக்கு ஆக்சிஜன் வைத்து, டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்த அமளியில், ஒரு முறைகூடக் கூப்பிட அவளால் முடியவில்லை.

"சார், நான் ரேடியோன்னு..."

"கேட்டுச்சு" என்றார் கேப்டன். "இப்ப அதை விடு. இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு."

அந்த ஐந்து மணி நேரமும் இருவரும் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கம் மட்டும் இருவருக்கும் போன இடம் தெரியவில்லை. விமானம் பூப்போல இறங்கியது. பயணிகள் சிலர் போகிற போக்கில் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மயங்கிய முதியவர் தன் காலாலேயே நடந்து இறங்கினார்.

"ரிப்போர்ட்டை நான் எழுதறேன். நீ தனியா எழுத வேண்டாம்" என்றார் கேப்டன்.

"நான் சொன்ன பொய்யை நானே எழுதறேன் சார்."

"நான் எழுதறேன்னு சொன்னேன்ல."

அந்தக் குரலுக்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் கிடைக்கவும் இல்லை. ரோஸ்டர் இருவரையும் வேறு வேறு திசைக்கு அனுப்பியது. போன் போட்டால், "விசாரணை முடியட்டும் ம்மா" என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து விசாரணை. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். சுவரோரம் தட்டச்சு செய்ய ஒரு பெண். நடுவில் இருந்த அதிகாரி மரியாதையான மனிதர்; அவளுக்குத் தண்ணீரைத் தானே ஊற்றிக் கொடுத்தார்.

"எது உங்களை எழுப்பிச்சு?"

மூன்று ஆண்களையும் பார்த்தாள். "கழுத்து வலி சார்" என்றாள்.

அதிகாரி கேப்டனின் ரிப்போர்ட்டை எடுத்து வாசித்தார். தூங்கியது, நேரம், ஒலிபெருக்கியைக் குறைத்தது என்று எல்லாம் உள்ளது உள்ளபடி இருந்தது. கடைசிப் பாராவில் வந்து நின்றார். "கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோ கோளாறு என்று பதில் சொல்லும்படி துணை விமானிக்கு உத்தரவிட்டது நான். அந்தத் தவறு முழுவதும் என்னுடையது."

அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இல்ல சார். அவர் சொல்லலை. அவர் அப்ப தூங்கிக்கிட்டு இருந்தார். நானாத்தான் சொன்னேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிர்ச்சி இல்லை, கோபமும் இல்லை.

"நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு கேப்டன் காலையிலேயே சொல்லிட்டார்" என்றார் அதிகாரி. "நல்ல பொண்ணு, என்னைக் காப்பாத்தப் பாப்பா, நம்பாதீங்கன்னார்."

"சத்தியமா சார். காக்பிட்ல பேசறது எல்லாம் ரெக்கார்ட் ஆகுமே, அதைப் போட்டுக் கேளுங்க."

"அதுல கடைசி ரெண்டு மணி நேரம்தான் இருக்கும். அதுக்கு முன்னாடி பேசினது அழிஞ்சு போயிருக்கும். உங்களுக்கே தெரியுமே."

தெரியும். தெரிந்துதான் கேட்டாள். வேறு எதைக் கேட்பது?

"கேப்டன் முப்பது வருஷ சர்வீஸ். தன் மேலயே பொய்யாப் பழி போட்டுக்க அவருக்கு என்னம்மா தலையெழுத்து?" என்றார் ஓரத்தில் இருந்தவர். பிறகு, அவளுடைய விசுவாசம் தங்களுக்குப் புரிகிறது என்றும், ஆனால் அது இங்கே உதவாது என்றும் மெதுவாகச் சொன்னார். அவள் இன்னும் இரண்டு முறை அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது இட்டுக்கட்டியது போலக் கேட்க ஆரம்பித்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் மூன்றாவது முறை கையை எடுத்துவிட்டாள்.

அடுத்த மாதம் முடிவு வந்தது. தூங்கியதற்குத் தண்டனை இல்லை; தானாக முன்வந்து சொன்னவரைத் தண்டிப்பதில்லை என்பது கம்பெனியின் கொள்கை. ஆனால் கட்டுப்பாட்டு அறைக்குப் பொய் சொல்லும்படி கீழே வேலை பார்ப்பவரை ஏவியது வேறு விஷயம். கேப்டனை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. பெரியக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கை. துணை விமானிக்கு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. மேலதிகாரி தவறாக உத்தரவிட்டால் மறுத்துப் பேசுவது எப்படி என்பது பாடம். அவள் போனாள். மறுத்துப் பேசுகிற மாதிரி மற்றவர்களோடு நடித்துக் காட்டினாள். முடிவில் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தார்கள்.

அந்தப் பயணத்துக்கு அதற்குப் பிறகும் மூன்றாவது விமானியைப் போடவில்லை.

ஒரு மத்தியானம், கணவனிடம் குழந்தையை விட்டுவிட்டு, கேப்டன் வீட்டைத் தேடிப் போனாள். என்ன பேசப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்கவா, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சண்டை போடவா? இரண்டு மாடி ஏறிக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி கதவைப் பாதி திறந்தார். அவளை ஒரு விருந்தில் பார்த்திருக்கிறார், அடையாளம் தெரிந்தது.

"சார் இருக்காரா ஆன்ட்டி?"

"தூங்கறார்."

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. தொண்டையைக் கனைக்கிற சத்தமும் கேட்டது. அந்தக் கனைப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும், பிரீஃபிங் ஆரம்பிப்பதற்கு முன்னால் கனைப்பார். அந்த அம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். ஆனாலும் முகம் மாறவில்லை.

"நான் அவங்ககிட்ட உண்மையைத்தான் சொன்னேன், ஆன்ட்டி. யாரும் நம்பலை."

"எல்லாம் சொன்னார்" என்றார் அந்த அம்மா. "உன்மேல எனக்குக் கோபம் இல்லம்மா. ஆனா உன்னைப் பாக்க முடியலை. அவராலயும் முடியலை. புரிஞ்சுக்கோ."

"வந்துட்டுப் போனேன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன்."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் வருகிறதா என்று அவள் நின்று கேட்டாள். வரவில்லை. தட்டினால் திறந்துவிடும் போலத்தான் இருந்தது. கையை உயர்த்தியவள், அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, படி இறங்கினாள்.